'கார்டு போயிடுச்சு சார்': சிவசமுத்திரம் முதல் சிப்காட் வரை

ஓசூர் சிப்காட் பக்கம் ஜெனரேட்டர் ஓடியும் கரண்ட் வரவில்லை என்றால் முதலில் காதில் விழுவது "கார்டு போயிடுச்சு சார்" என்பதுதான். எனக்கு இந்த வாக்கியத்தின் வரலாற்றில் ரொம்ப நாளாக ஆர்வம். நூறு வருடத்துக்கு முன்னால், போவதற்குக் கார்டே கிடையாதே!

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜெனரேட்டர் சும்மா சுற்றினால் மின்சாரம் வராது. உள்ளே சுற்றுகிற ரோட்டார் ஒரு மின்காந்தம். அதற்கு டி.சி. ஊட்ட வேண்டும். இந்த ஊட்டம்தான் எக்ஸைட்டேஷன். ஊட்டம் கூடினால் வோல்டேஜ் ஏறும், குறைந்தால் இறங்கும். வெளியே லோடு மாறிக்கொண்டே இருக்கும், அதற்கேற்ப ஊட்டத்தை யாராவது கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதில்தான் கதை இருக்கிறது.

நம் எல்லைப் பகுதியில் கதை 1902இல் தொடங்குகிறது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, டி லாட்பினியர் என்ற பொறியாளர் முன்னின்று கட்டிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் அந்த வருடம் ஓட ஆரம்பித்தது. ஆறு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 720 கிலோவாட். அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு 92 மைல் கம்பி. அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். கம்பி மைசூர் சமஸ்தானத்துக்குள்ளேயே போனது. ஆனால் போய்ச் சேர்ந்த சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள்.

அந்தக் காலத்து மின் நிலையங்களில் வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ரியோஸ்டாட் சக்கரத்தைத் திருப்ப ஓர் ஆள் நிற்பார். முள் இறங்கினால் திருப்பு, ஏறினால் எதிர்ப்பக்கம் திருப்பு. அவ்வளவுதான் 'கண்ட்ரோல் சிஸ்டம்'. இதே காலத்தில் அமெரிக்காவில் டிரில் என்பவர் அந்த ஆளின் கைக்குப் பதிலாக ஒரு கருவி செய்தார். படபடவென்று அதிரும் காண்டாக்ட், ரியோஸ்டாட்டை ஷார்ட் செய்தும் விடுவித்தும் வோல்டேஜைப் பிடித்து வைக்கும். காண்டாக்ட் தீய்ந்தால் கண்ணுக்கே தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மறுபடி ஓடும்.

நடுவில் வந்த ஆம்ப்ளிடைன், தைரிஸ்டர் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். பெரிய மெஷின்களில் கடைசியாக வந்தது பிராசஸர் போர்டு. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பெங்களூரு மைசூர் ரோட்டில் உள்ள 'பெல்' எலக்ட்ரானிக்ஸ் பிரிவிலேயே டிஜிட்டல் எக்ஸைட்டேஷன் செய்கிறார்கள். இதில் பழுது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிவப்பு விளக்கு எரியும், அல்லது எந்த விளக்கும் எரியாது. சந்தேகம் நேராகப் போர்டு மேல் விழும்.

ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பழி அடிக்கடி இடம் மாறிவிடுகிறது. மெஷினின் வோல்டேஜைப் போர்டுக்குச் சொல்வது பி.டி. என்ற சின்ன டிரான்ஸ்பார்மர். அதன் ஃபியூஸ் ஒன்று போனால், வோல்டேஜ் விழுந்துவிட்டதாகப் போர்டு நம்பி ஊட்டத்தை உச்சத்துக்கு ஏற்றும். பார்ப்பவர் போர்டுக்குப் பைத்தியம் பிடித்ததாகச் சொல்வார். பாவம், அதற்கு வந்த தகவலே பொய். அதனால்தான் நல்ல சிஸ்டங்களில் இரண்டு பி.டி.யை ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடு இருக்கும். இன்னொன்று பவர் சப்ளை. போர்டுக்குப் போகும் 5 வோல்ட் கொஞ்சம் தளர்ந்தால் பிராசஸர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். காரணம் பெரும்பாலும் உலர்ந்துபோன கெபாசிட்டர். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. தகரக் கூரை ஷெட்டில் ஏப்ரல் மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள் கற்றுக்கொண்டது மின்வெட்டுக் காலத்தில். 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. 2012இல் நிலைமை இன்னும் மோசம். வெளியிலிருந்து வாங்கவும் வழி குறைவு, தென்னிந்தியக் கிரிட் தேசியக் கிரிட்டோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே சாமல்பட்டியில் 2001 முதல் எண்ணெயில் ஓடும் 105.66 மெகாவாட் மின் நிலையம் இருந்தது, ஏழு எந்திரங்கள். அது மாநிலப் பற்றாக்குறைக்கு எந்த மூலை? பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் ஆர்டரை முடித்தன. அது ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி யாருக்கும் இல்லை.

அந்த ஜெனரேட்டர்களில் இருந்தது பிராசஸர் இல்லாத எளிய ஏ.வி.ஆர். கார்டு. ஆனால் பழுது தேடும் புத்தி ஒன்றுதான். அப்படி ஒரு ஷெட்டில் நான் பார்த்த சோதனை இது. மெக்கானிக் கார்டைக் கழற்றினார். எக்ஸைட்டர் ஃபீல்டின் இரண்டு வயரை 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தார். என்ஜின் முழு வேகத்தில் ஓட, லோடு இல்லாமல் வோல்டேஜ் நன்றாக ஏறியது. அப்போ மெஷின் நல்லது. மறுபடி கார்டை மாட்டி லோடு கொடுத்தால் வோல்டேஜ் விழுந்தது. கார்டைத் திட்ட எல்லோரும் தயார். அவர் ஃப்ரீக்வென்சி மீட்டரைக் காட்டினார்: 46. என்ஜின் மெதுவானால் ரோட்டாரைக் காப்பாற்ற வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைப்பது கார்டின் வேலைதான். அடைத்திருந்தது டீசல் ஃபில்டர்.

பிராசஸர் போர்டில் இந்த முறைக்குக் கூடுதல் ஒழுங்கு வேண்டும். சுவிட்சை அணைத்துப் போடுவதற்கு முன்னால் ஃபால்ட் பதிவைக் குறித்துக்கொள்ள வேண்டும், சில போர்டுகளில் சப்ளை போனால் அதுவும் அழிந்துவிடும். பழைய செட்டிங் முழுவதும் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் புதுப் போர்டு மாட்டினால், அடையாளம் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி விழிக்கும். வெளியே ஷார்ட் ஆன தைரிஸ்டரைப் பார்க்காமல் மாட்டினால் புதுசும் சேர்ந்து போகலாம்.

2014-15க்குப் பிறகு வெட்டு ஓய்ந்தது. பட்டறை ஜெனரேட்டர்கள் பல தார்ப்பாய்க்குள் போயின. அந்தக் கைகளில் சில வேறு தொழிலுக்குப் போய்விட்டன. சக்கரம் திருப்பிய காலத்து நிலையங்களில் மணிக்கு மணி வோல்டேஜை எழுதி வைத்த லாக் புத்தகம் இருந்தது. மின்வெட்டுக் காலத்து மெக்கானிக்குகளிடம் அப்படி எதுவும் இல்லை. நான் விசாரித்த வரையில் கிடைத்தது ஒரு பாக்கெட் டைரி: கார்டு நம்பர், ஜம்பர் இருந்த இடம், எந்தத் திருகு எத்தனை சுற்று. பாதிப் பக்கங்கள் டீசல் பட்டு அழிந்திருக்கின்றன. படிக்க முடிந்ததை இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.