பூங்காவை ஊடறுக்க வந்த சாலை

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில், கிரீனிச் வில்லேஜ் என்னும் குடியிருப்புப் பகுதியின் நடுவே, ஏறத்தாழப் பத்து ஏக்கர் பரப்பில் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா அமைந்துள்ளது. அந்நகரின் புகழ்மிக்க ஐந்தாம் அவென்யூ வடக்கிலிருந்து நேர்கோடாக இறங்கிவந்து, பூங்காவின் முகப்பிலுள்ள வெண்பளிங்கு வளைவின்முன் முடிந்துவிடுகிறது. தொல்லை அங்குதான் தொடங்கியது. நேராக வந்த சாலை ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் அதை நீட்டிப் பார்க்கும் ஆசை சாலை வகுப்போருக்கு இயல்பாகவே எழுகிறது. அவ்வாசை நிறைவேறியிருந்தால் இன்று அங்குப் பூங்கா இருந்திருக்காது. நெடுஞ்சாலையின் இருபுறமும் இரண்டு புல்தரைத் துண்டுகள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

அந்நிலத்தின் பழங்கதை சுவையானது. மினெட்டா என்னும் ஓடை பாய்ந்த சதுப்புநிலம் அது. 1797-இல் நகராட்சி அதை வாங்கி, ஏழைகளையும் உற்றார் அற்றவர்களையும் புதைக்கும் இடுகாடாக்கியது. 1825-இல் இடுகாடு மூடப்பட்டது. சுமார் இருபதாயிரம் பேர் அம்மண்ணுக்கடியில் உறங்குவதாக மதிப்பிடுவர். அடுத்த ஆண்டே அதன்மீது படைவீரர்கள் அணிவகுத்தனர். சுற்றிலும் செல்வர் மனைகள் எழுந்தன. ஹென்றி ஜேம்ஸ் 1880-இல் வெளியிட்ட புதினத்திற்கு இச்சதுக்கத்தின் பெயரையே சூட்டினார். அதற்கு முன்பே, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூங்காவைத் திருத்தி அமைத்தபோது, குதிரை வண்டிகள் செல்ல நடுவே ஒரு பாதை விட்டிருந்தனர். அன்று அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. குதிரைகள் போய் மோட்டார் வண்டிகள் வந்தன. பின்பு பேருந்துகளும் வந்து பூங்காவுக்குள்ளேயே வட்டமடித்துத் திரும்பலாயின. சிறு சலுகையாக விடப்பட்ட பாதையே பின்னாளில் பெருஞ்சாலைக்கு உரிமைப் பத்திரமாயிற்று.

இப்பூங்காவைப் பற்றி எழுதும்போது கவிஞர்களால் சொல்லாமல் விட முடியாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1917 ஜனவரியில் ஓர் இரவு, கெர்ட்ரூட் டிரிக் என்னும் இளம் பெண் கவிஞர், ஓவியர்களான ஜான் ஸ்லோன், மார்செல் தூஷாம்ப் முதலிய நண்பர்களுடன் பளிங்கு வளைவின் உள்ளிருக்கும் படிக்கட்டில் ஏறி உச்சியை அடைந்தார். காகித விளக்குகளும் பலூன்களும் கட்டி, கிரீனிச் வில்லேஜ் இனித் தனிச் சுதந்திரக் குடியரசு என்று அறிவித்தனர். சட்ட ஆவணங்களின் முகப்பில் வரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கியதே அந்தப் பிரகடனம்! வேடிக்கைதான், எனினும் அவ்விடத்து மக்கள் தம் சதுக்கத்தைப் பற்றிக் கொண்டிருந்த உரிமை உணர்வை அது காட்டுகிறது. ஆயின் நாற்பது ஆண்டுகள் கழித்து அப்பூங்காவுக்கு உண்மையான இடர் வந்தபோது முதலில் எழுந்தவர்கள் கவிஞர்கள் அல்லர். குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு மாலையில் அங்கு வந்த தாய்மார்கள்.

இடரின் பெயர் ராபர்ட் மோசஸ். 1934 முதல் 1960 வரை நியூயார்க் நகரின் பூங்கா ஆணையராக இருந்தவர் அவர். பாலங்களுக்கும் விரைவுச் சாலைகளுக்கும் குடிசை மாற்றத்திற்கும் ஒருங்கே அதிகாரம் செலுத்தியவர். தேர்தலில் வென்று பதவிக்கு வந்தவர் அல்லர். ஆனால் நகரத் தந்தையர் பலரை அவர் ஆட்டிவைத்தார். அவரை வெறும் அழிப்பாளராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. நகரில் நூற்றுக்கணக்கான விளையாட்டுத் திடல்களை அமைத்தவரும், நீச்சற்குளங்களையும் கடற்கரைகளையும் எளிய மக்களுக்குத் திறந்துவிட்டவரும் அவரே. இத்தனை சாலை போட்ட மனிதர் வாழ்நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது இன்னொரு விந்தை. காரின் பின்னிருக்கையிலிருந்து காணும்போது பூங்காவும் ஒரு தடையாகத்தானே தெரியும்!

1930-களிலேயே அவர் சதுக்கத்தைச் சுற்றிச் சாலைகளை அகலமாக்கி, நடுப்பகுதியைத் தம் விருப்பப்படி திருத்த முனைந்தார். வரைபடத்தில் அது குளியலறை விரிப்புப் போலிருக்கிறது என்று எள்ளி நகையாடி மக்கள் அத்திட்டத்தை வீழ்த்தினர். அதற்கு மோசஸ் தந்த மறுமொழி கவனிக்கத்தக்கது. அப்படியானால் இப்பூங்காவின் சீரமைப்பு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும் என்று தெரிவித்துவிட்டார். பூங்கா பராமரிப்புக் குன்றியது. புறக்கணிப்பு என்பது எப்போதும் மறதியால் நேர்வதன்று. சில வேளைகளில் அது ஒரு கருவி. ஒரு பூங்காவைச் சில ஆண்டுகள் கவனியாது விட்டுவிட்டால், அதன் நடுவே சாலை போடுகிறோம் என்று வருபவரே அதைச் சீர்படுத்த வந்த புரவலராகத் தோற்றம் தருவார்.

போருக்குப் பின் அவருக்கு வலுவான காரணம் ஒன்றும் கிடைத்தது. 1949-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின் நிதியைக்கொண்டு, சதுக்கத்தின் தெற்கே பழைய கட்டடங்களை இடித்துப் பெருங் குடியிருப்புகள் எழுப்பத் திட்டமிடப்பட்டது. அங்குக் கட்டடம் கட்ட வருவோருக்கு ஐந்தாம் அவென்யூ என்னும் மதிப்புமிக்க முகவரி தேவைப்பட்டது. அவென்யூவைப் பூங்காவின் வழியே தெற்கே நீட்டினால் அம்முகவரி கிடைத்துவிடும். மேலும் தெற்கே மன்ஹாட்டனைக் குறுக்காக வெட்டிச்செல்ல வரைந்திருந்த விரைவுச் சாலையோடும் அது இணைந்துவிடும்.

1952-இல் இத்திட்டம் வெளிப்பட்டது. அதைக் கேள்வியுற்று எழுந்தவர்களுள் முதன்மையானவர் ஷெர்லி ஹேய்ஸ். முன்னாள் நடிகை, நான்கு புதல்வர்களின் தாய். ஈடித் லயன்ஸ் என்னும் மற்றொரு பெண்மணியும் அவருடன் நின்றார். வீடு வீடாகச் சென்று கையொப்பங்கள் திரட்டினர். அதிகாரிகளுக்கு மடல்மேல் மடல் எழுதினர். திட்டம் ஒத்திவைக்கப்பட்டது; ஒழியவில்லை. 1955-இல் வேறு உருவில் திரும்பி வந்தது. இம்முறை சாலையைப் பள்ளத்தில் இறக்கி, மேலே நடைபாலம் அமைப்பதாகச் சொன்னார்கள். சாலையின் அகலம் 48 அடி. மன்ஹாட்டன் வட்டாரத் தலைவர் ஹூலன் ஜாக் நடுவராக முன்வந்து, 36 அடி போதும் என்றார்.

இந்த இடமே இவ்வரலாற்றின் உயிர்நாடி. நல்லெண்ணம் கொண்ட பலருக்கு 36 அடி நியாயமாகப் பட்டது. அரசோடு முற்றிலும் பகைத்துக்கொள்வானேன், கிடைத்த அளவில் பூங்காவைக் காத்துக்கொள்வோம் என்று கருதியவர்கள் வில்லேஜிலேயே இருந்தனர். ஹேய்ஸ் இசையவில்லை. 48-ஆ, 36-ஆ என்னும் கேள்வியை ஏற்றுக்கொண்ட அக்கணமே சாலை உண்டு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். அத்தோடும் நிற்கவில்லை. புதுச் சாலை வேண்டாம் என்பதைக் கடந்து, ஏற்கெனவே பூங்காவுக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய பாதையையும் மூடிவிட வேண்டும் என்று கேட்டார். வல்லுநர்கள் எவருக்கும் தோன்றாத எண்ணம் அது. தற்காக்க வேண்டியவர்கள் இருந்ததையும் திரும்பக் கேட்டதால் வழக்கின் திசையே மாறிற்று.

1955-இல் நகரத் தந்தை ராபர்ட் வாக்னருக்கு எதிர்ப்பு மடல் எழுதியவர்களுள் ஜேன் ஜேக்கப்ஸ் என்பவரும் ஒருவர். அருகிலிருந்த ஹட்சன் தெருவில் குடியிருந்தவர்; கட்டடக்கலை இதழொன்றில் பணியாற்றியவர்; அவரும் தாய்தான். அவரும் தோழர்களும் 1958-இல் ஒரு கூட்டுக் குழு அமைந்தபோது அதன் உத்திகளை வகுத்தனர். ரேமண்ட் ரூபினோ தலைமை ஏற்ற அக்குழுவின் பெயரே அதன் கோரிக்கையைச் சொன்னது: சதுக்கத்தை வாகனங்களுக்கு மூடும் அவசரக் கூட்டுக் குழு. பெயர் நீளந்தான்; ஆனால் வேறெந்தக் கொள்கையிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட அவ்வொரு கோரிக்கைக்காக ஒன்றுகூட முடிந்தது. குழந்தைகள் சுவரொட்டிகளை ஒட்டினர். 1955-இல் தோன்றிய வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் தொடர்ந்து எழுதியது. ஒருகாலத்தில் அச்சதுக்கத்தை ஒட்டி வாழ்ந்த எலினார் ரூஸ்வெல்ட் தம் நாளிதழ்ப் பத்தியில் ஆதரவு தந்தார். லூயி மம்ஃபோர்ட், மார்கரெட் மீட் போன்ற அறிஞர்கள் குரல் கொடுத்தனர். கோரிக்கையை எளிதாக்கவும் ஒரு வழி கண்டார்கள். சோதனையாகச் சில காலம் மூடிப் பாருங்கள். தெருக்கள் திணறினால் பிறகு பேசுவோம் என்றார்கள். சோதனையை மறுப்பது எந்த ஆட்சியாளருக்கும் கடினம்.

அறிவும் அறமும் மட்டும் வென்றன என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. டாமனி ஹால் கட்சி இயந்திரத்தின் தலைவரான கார்மைன் டெசாபியோ அதே பகுதியில் குடியிருந்தார். சொந்தத் தொகுதியில் அவருடைய செல்வாக்குக்குச் சீர்திருத்தக்காரர்கள் அறைகூவல் விடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார்களின் சினம் வாக்குகளாக மாறும் என்பதை அவரைவிட நன்கு கணக்கிடத் தெரிந்தவர் எவர்? 1958 செப்டம்பரில் நகர மதிப்பீட்டு வாரியத்தின்முன் நடந்த விசாரணையில் அவர் பூங்காவின் பக்கம் நின்று பேசினார். சுமார் 30,000 பேரின் கையொப்பங்கள் திரட்டப்பட்டிருந்தன. ஜேக்கப்ஸ் மோசஸை நேரில் கண்டது அவ்விசாரணையில்தான். இதை எதிர்ப்பவர் எவருமில்லை, ஒரு தாய்மார் கூட்டத்தைத் தவிர என்று அவர் சினந்து கூறி வெளியேறியதாக ஜேக்கப்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இகழ்ச்சியாகச் சொன்ன அச்சொல் நியூயார்க் வரலாற்றில் அத்தாய்மார்களுக்குப் பட்டமாகவே நிலைத்துவிட்டது.

1958 நவம்பர் தொடக்கத்தில் பூங்காப் பாதை சோதனை முறையில் மூடப்பட்டது. திறப்பு விழாக்களில் நாடா வெட்டுவது வழக்கம். இது மூடுவிழா ஆதலால் நாடாவைக் கட்டினார்கள்! சுற்றுத் தெருக்கள் வாகனங்களால் நிரம்பி வழியும், மக்களே வந்து சாலையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள் என்று போக்குவரத்து ஆணையர் முன்னுரைத்திருந்தார். எண்ணிப் பார்த்தபோது சுற்றுத் தெருக்களில் நெரிசல் கூடவில்லை. பெரும்பாலானவற்றில் சற்றுக் குறைந்தே இருந்தது. வழி அகன்றால் வண்டி பெருகும், வழி சுருங்கினால் வண்டியும் குறையும் என்னும் உண்மையை ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பும் வாழ்வும் பற்றிய நூலில் இந்நிகழ்ச்சியைக்கொண்டே விளக்கினார். பல நாடுகளில் நகரமைப்புக் கல்வியின் பாடமாகிவிட்ட நூல் அது. அதே நூலில், பழைய பாதையையும் மூடலாம் என்று முதன்முதல் சிந்தித்த பெருமையை அவர் ஹேய்ஸுக்கும் லயன்ஸுக்கும் உரியதாக்கினார். எனினும் புகழ் பெரும்பாலும் ஜேக்கப்ஸின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. எழுதிவைத்தவரின் பெயரை வரலாறு எளிதில் நினைவில் கொள்கிறது. கதவு தட்டிக் கையொப்பம் வாங்கியவரைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது.

1959-இல் மூடல் நிரந்தரமாயிற்று. பேருந்துகள் மட்டும் பூங்காவுக்குள் திரும்பும் உரிமையை விட மனமின்றி மேலும் நான்கு ஆண்டுகள் அங்கேயே வட்டமிட்டன; 1963-இல் அவையும் வெளியேறின. தெற்கே காத்திருந்த விரைவுச் சாலைத் திட்டமும் நெடும் போராட்டத்திற்குப்பின் 1969-இல் கைவிடப்பட்டது. தார்ச்சாலை கிடந்த நிலத்தை எப்படி அமைப்பது என்று வில்லேஜ் மக்கள் தமக்குள் பல ஆண்டுகள் வாதிட்டு, 1970-ஐ ஒட்டிப் புதுப்பித்தார்கள். வாதம் அத்துடன் தீர்ந்ததா? 2007-இல் தொடங்கிய மறு சீரமைப்பில், பளிங்கு வளைவுக்கு நேராக வரும்படி நீரூற்றைச் சில அடிகள் கிழக்கே நகர்த்தியபோது மீண்டும் வழக்குகள், கூட்டங்கள், துண்டறிக்கைகள். அப்பணிக்காக மண்ணைத் தோண்டியபோது 1799-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று வெளிவந்தது.