முதலில் வந்தது பரீட்சை

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் காமர்ஸ் பேராசிரியை ஒருவர் போன ஆகஸ்டில் வந்து, "மேனேஜர் பாபு, உங்களால் ஒரு உதவி ஆக வேண்டும்" என்றார். டெபாசிட்டை முன்கூட்டியே முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதில்லை. அவர் கல்லூரி பி.காம் படிப்புக்குக் கற்றல் விளைவுகளை எழுதி, அவற்றை எப்படி அளப்பது என்று திட்டம் போடுகிறார்களாம். கமிட்டியில் வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டுமாம். வங்கிக்காரன் என்றால் பொருத்தம், அதுவும் பக்கத்துத் தெருவில் இருப்பவன் என்றால் இன்னும் பொருத்தம்.

ஒத்துக்கொண்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, நானும் பி.காம். இரண்டாவது கொஞ்சம் சுயநலம். கல்விக் கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுபவன் நான். 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்பதில்லை. அப்பாவின் கையெழுத்தும், பையன் வாங்கப்போகும் பட்டமும்தான் ஈடு. அந்தப் பட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

கூட்டத்தில் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். இடது பக்கம் ஒவ்வொரு பாடத்தின் விளைவுகள், மேலே மொத்தப் படிப்பின் விளைவுகள், நடுவில் கட்டங்கள். தொடர்பு பலமாக இருந்தால் 3, சுமாராக இருந்தால் 2, லேசாக இருந்தால் 1. பார்த்த இடமெல்லாம் 3. "இந்த விளைவை மாணவர்கள் எட்டிவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "செமஸ்டர் மார்க்கை வைத்துத்தான், வேறு என்ன இருக்கிறது?" என்றார் துறைத்தலைவர்.

வேறு என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்ததால் அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளை அலிப்பூர் நேஷனல் லைப்ரரியில் கழித்தேன். படித்ததில் மனதில் நின்றதைச் சொல்கிறேன்.

1854ல் சார்லஸ் வுட் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு ஒரு கல்விக் கொள்கை அனுப்பினார். இங்கே பல்கலைக்கழகங்கள் வேண்டும், லண்டன் பல்கலைக்கழகத்தைப் போல இருக்கட்டும் என்பது அதில் ஒரு அம்சம். இதில்தான் சூட்சுமம். 1836ல் தொடங்கிய அந்த லண்டன் பல்கலைக்கழகம் அப்போது பாடம் நடத்துகிற இடமே அல்ல. மற்ற கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் அலுவலகம். ஆக்ஸ்ஃபோர்டைப் போல ஒன்றைக் கட்டுவதைவிட இது செலவும் குறைவு.

1857ல், சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருடத்தில், கல்கத்தா (ஜனவரி 24), பம்பாய் (ஜூலை 18), சென்னை (செப்டம்பர் 5) என்று மூன்று பல்கலைக்கழகங்கள் பிறந்தன. மூன்றிலும் வகுப்பு கிடையாது. பாடத்திட்டம் போடுவது, பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான். கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. அதாவது நம் நாட்டில் நவீனப் பல்கலைக்கழகம் என்பது பரீட்சையாகப் பிறந்தது. கற்பித்தல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கல்கத்தாவின் முதல் பி.ஏ. பரீட்சை 1858ல் நடந்தது. தேறியவர்கள் இரண்டே பேர். பங்கிம் சந்திர சட்டர்ஜியும் ஜதுநாத் போஸும். அந்த இருவரும்கூட ஒரு பாடத்தில் ஏழு மார்க்குக்கு மிகாமல் குறைந்திருந்தார்கள். கருணை காட்டித்தான் பட்டம் கொடுத்தார்கள். பிற்பாடு 'வந்தே மாதரம்' எழுதிய பங்கிம்தான் அவர். சென்னையின் முதல் பட்டதாரிகளும் இருவர்தான், இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை. இன்னொருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து, பாடம் ஒப்பிட்டு, கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றியவர். பங்கிமின் எழுத்தோ பிள்ளையவர்களின் பதிப்புக் கலையோ அந்தப் பரீட்சைத் தாளில் எந்த வினாவுக்கு விடையாக வந்திருக்கும்? வந்திருக்க வழியில்லை. பரீட்சை எதை அளந்தது என்பது முதல் வருடத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கேட்காமல் இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1902ல் கர்சன் காலத்துப் பல்கலைக்கழகக் கமிஷன், கற்பித்தலுக்காகப் பரீட்சை என்பது போய்ப் பரீட்சைக்காகக் கற்பித்தல் என்று ஆகிவிட்டதுதான் பெரிய கேடு என்று எழுதியது. 1917ல் மைக்கேல் சாட்லர் தலைமையில் கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷன் வந்து, 1919ல் பல தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. 1949ல் ராதாகிருஷ்ணன் கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் பரீட்சையைத்தான் சொல்வோம் என்றது. 1966ல் கோத்தாரி கமிஷனும் அதே பல்லவி. எங்கள் வங்கியில் ஆடிட் குறிப்புகளில் 'முந்தைய ஆண்டும் சுட்டிக்காட்டப்பட்டது' என்று ஒரு வரி வரும். அதுதான் ஞாபகம் வந்தது.

சாட்லர் கமிஷனில் இருந்த ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் ஃபிலிப் ஹார்டாக். லண்டன் பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்தவர். அதாவது பரீட்சைத் தொழிற்சாலையின் உள்ளேயே இருந்தவர். கல்கத்தாவில் கமிஷன் வேலை முடிந்ததும் புதிய டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். இங்கிலாந்து திரும்பியபின் 1935ல் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து பரீட்சைகளையே பரீட்சை செய்து ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அதில் ஒரு சோதனை. பதினைந்து சரித்திர விடைத்தாள்கள், எல்லாமே ஏற்கெனவே ஒரே மார்க் வாங்கியவை. அவற்றை அனுபவமுள்ள பதினைந்து பேரிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவர்களில் பதினான்கு பேரிடம் அதே தாள்களை மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92ல், அதே ஆள் அதே தாளுக்கு வேறு தீர்ப்புச் சொன்னார். முதலில் ஃபெயில் என்றவர் இப்போது பாஸ் என்றார், பாஸ் என்றவர் ஃபெயில் என்றார். நான் கேஷில் உட்கார்ந்து ஒரே கட்டை இரண்டு தடவை எண்ணி இப்படி இரண்டு தொகை சொன்னால் அன்றே சஸ்பெண்ட் செய்வார்கள்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ரால்ஃப் டைலர் என்பவர் 1930களில் வேறு வழியில் யோசித்தார். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, "படிப்பு முடிந்ததும் மாணவன் என்ன செய்யக்கூடியவனாக இருக்க வேண்டும்?" என்று முதலில் கேட்டார். அதை எழுதிய பிறகுதான் சோதனை. மனப்பாடத்தில் கெட்டிக்காரன், புதுத் தகவலைப் பார்த்து முடிவு சொல்வதிலும் கெட்டிக்காரனாக இருப்பான் என்று நிச்சயமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் ப்ளூம் 1956ல் வெளியிட்ட பட்டியல்தான் இன்று நம் கல்லூரிகளில் எல்லா அட்டவணையிலும் தலைகாட்டுகிற "ப்ளூம்".

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த ப்ளூம் 1957ல் இந்தியாவுக்கே வந்தார். ஆசிரியர்களை உட்கார வைத்துப் பட்டறைகள் நடத்தினார். நோக்கத்தை எழுதுங்கள், பிறகு கேள்வியை எழுதுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். 1958ல் மத்தியத் தேர்வுப் பிரிவு என்று ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் அதெல்லாம் பள்ளிக்கூடங்களுக்காக. கல்லூரிகள் பழைய வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தன. 1973ல் யு.ஜி.சி. தேர்வுச் சீர்திருத்தத் திட்டம் போட்டது. அதன் வழியில் பரவியதுதான் அகமதிப்பீடு. நான் படித்த காலத்தில் அகமதிப்பீடு என்றால் எல்லோருக்கும் இருபதுக்குப் பதினெட்டு. வம்பு எதற்கு?

பிறகு 2014ல் பொறியியல் படிப்புகளுக்காக இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனது. அதற்கு விளைவு அடிப்படையிலான கல்வி கட்டாயம். 2017ல் திருத்திய நாக் விதிமுறைகள் வந்ததும் கலை, வணிகக் கல்லூரிகளிலும் இந்த அட்டவணைகள் தீவிரமாகின. டைலரின் கேள்வி எண்பது வருடம் சுற்றி, கட்டம் போட்ட காகிதமாக நம் கைக்கு வந்து சேர்ந்தது.

நிற்க. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தக் கல்லூரியின் பழைய வினாத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். "எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளிக்க." ஏழாவது வினா வங்கிச் சரிகட்டும் பட்டியல். அதைத் தொடாமலே ஒருவன் முதல் வகுப்பு வாங்கலாம். ஆனால் அட்டவணையில், "ரொக்க ஏட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுச் சரிகட்ட இயலும்" என்பதற்கு நேராக 3. மொத்த மார்க்கை வைத்து விளைவை அளந்தால் இதுதான் நடக்கும். காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், இருப்பாய்வு டாலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கில் பிழையே இல்லை என்று ஆகாது. ஈடுசெய் பிழை உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நான் சொன்ன யோசனை எளிது. இருபது விளைவு வேண்டாம், மூன்று போதும். பாஸ்புக்கையும் ரொக்க ஏட்டையும் சரிகட்டுவது, ஒரு சிறு கடையின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்து இதற்குக் கடன் கொடுக்கலாமா என்று ஒரு பக்கம் எழுதுவது, வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதுவது. படிப்பில் சேரும்போது ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை. மாணவன் பெயரை மறைத்து இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் பார்க்கட்டும். இருவரும் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும் (ஹார்டாக் வாழ்க!). மார்க் ஷீட்டில் சேர்க்க வேண்டாம். எது வரவில்லையோ அதை அடுத்த வருடம் வேறு மாதிரி நடத்துங்கள்.

துறைத்தலைவர் சிரித்தார். "உண்மையாக அளந்தால் குறைவாக வரும். குறைவாக வந்தால் எங்கள் கிரேடு போகும். பக்கத்துக் கல்லூரி எல்லாவற்றுக்கும் 3 போட்டிருப்பான்."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் தொழிலிலும் இது நடந்தது. வராத கடனுக்குப் புதுக் கடன் கொடுத்து, பழையதை வந்ததாகக் காட்டும் வழக்கம் வங்கிகளில் இருந்தது. 2015ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று ஒன்று செய்து, உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னது. லாபம் நஷ்டமாக மாறி, பல வங்கிகள் தலைகுனிந்தன. ஆனால் வாராக்கடன் எங்கே, எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் வைத்தியம் ஆரம்பமாயிற்று. அந்த வருடங்களில் கிளையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் வலியும் தெரியும், பலனும் தெரியும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. டீ வந்தது.

கடைசியில் அட்டவணை 3களோடு அப்படியே போய்விட்டது. ஆனால் வெளியே வரும்போது பேராசிரியை, "பாஸ்புக் சமாசாரத்தை மட்டும் என் வகுப்பில் செய்து பார்க்கிறேன், யாரிடமும் சொல்லாமல்" என்றார். பூஜை விடுமுறைக்கு முன்னால் செய்தும் விட்டார். போனில் சொன்னார்: வகுப்பில் பாதிப் பேருக்குமேல் முடிக்கத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் எழுந்து, "மேடம், நிஜமான பாஸ்புக் பதிவை வைத்துக் கணக்குப் போடுவது இதுதான் முதல் தடவை" என்றாளாம். இரண்டு வருடம் படித்த பெண்.

"இப்போது என்ன செய்வீர்கள்?" என்றேன். "ஜனவரியில் மறுபடி நடத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பேன்" என்றார். 1857லிருந்து எத்தனையோ கமிஷன்கள் கேட்டதற்கு, ஒரு வகுப்பறையில் யாரோ ஒருவர் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

எங்கள் கிளையில் கழித்துக்கட்டிய மாதிரிப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. பெயர், கணக்கு எண் எதுவும் இல்லாத வெற்றுப் படிவங்கள்தான். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அனுப்பி வைத்தேன்.

உங்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் இது எப்படி நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.