தோலின் அறிவு யாருடையது?

காவல்துறை அணிவகுப்பில் அதிகாரிகளின் இடுப்பில் தோலால் ஆன துப்பாக்கி உறை பளபளக்கும்போது, நாம் அந்தப் பளபளப்பைப் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் உள்ள கைகளைப் பார்ப்பதில்லை.

நனைந்த உறையை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்கக் கூடாது. நிழலில், காற்றாட உலர்த்த வேண்டும். எண்ணெயைக் குறைவாகவே பூச வேண்டும். கூடினால் தோல் தளர்ந்து, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காது. மாதக்கணக்கில் துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. மரப்பட்டையில் பதப்படுத்திய தோலின் அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இந்த விதிகளுக்கு அடியில் இருப்பது தோலின் குணம் அறிந்த உழைப்பு. சென்னை மாகாணத்தில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தேய்த்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். முதல் உலகப்போரில் இந்தத் தோல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸானது. ஏற்றுமதியின் லாபம் வணிகர்களிடம் சேர்ந்தது. அதே காலத்தில், செருப்புத் தைத்துக் கொடுத்தவர் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்க முடியாத கிராமங்கள் இருந்தன.

1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. ஆய்வகத்தில் தோல் வேதியியலானது, பட்டம் தந்தது, நாயுடம்மா போன்ற அறிவியலாளர்களுக்கு உலகப்புகழ் தந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில், மயிலாப்பூர், தி.நகர் நடைபாதைகளில், பெல்ட்டும் பையும் செருப்பும் தைப்பவரிடம் அது சாதி அடையாளமாகவே நின்றது.

தோழர்களே, "நம் தொழிலைக் கொண்டாடுவோம்" என்று சொல்லும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். அறிவு நம்முடையது என்று உரிமை கோருவோம். ஆனால் அந்த அறிவின் பெயரால் நம் பிள்ளைகளை மீண்டும் ஊசியோடும் நூலோடும் கட்டிப்போட யாருக்கும் உரிமையில்லை.

2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எதிரே அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. செருப்பு தைப்பவரின் மகள் அங்கே படிக்கலாம். வேண்டாமென்றால் சட்டமோ மருத்துவமோ படிக்கலாம். தேர்ந்தெடுக்கும் அந்த உரிமைக்காகத்தான் நம் போராட்டம்.