நூறாண்டு கண்ட மாண்டலின்

பழம்பொருளைக் காப்பதில் இரு நெறிகள் உண்டு. பேழையுள் வைத்துப் பூட்டிக் காப்பது ஒன்று. எப்பயன் கருதிச் செய்யப்பட்டதோ அப்பயனுக்கே ஆளாக்கிக் காப்பது மற்றொன்று. காசுக்கும் செப்பேட்டுக்கும் முதல் நெறியே போதும். இசைக்கருவிக்கு அது போதுமா? நம் பண்டை யாழின் வடிவத்தை நூல்களும் சிற்பங்களும் காட்டுகின்றன. ஆயினும் அதனை மீட்டிய கைகளின் மரபு அற்றுப்போனமையால் அதன் ஒலியை நாம் கேட்டறிய இயலவில்லை. ஆதலின் இவ்வினா நமக்கு அயலானதன்று. இதற்கு விடை தேடி, அமெரிக்க நாட்டில் நூறாண்டு கடந்த மாண்டலின் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மாண்டலின் இத்தாலி நாட்டில் வளர்ந்த கருவி. இரண்டிரண்டாக அமைந்த எட்டுத் தந்திகள் உடையது. வயலினைப் போன்றே சுருதி கூட்டப்பெறுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரக் கைவினைஞர் செய்த மாண்டலினின் முதுகு குடம் போல் உருண்டிருந்தது. இவ்வடிவை மாற்றியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தொழில் செய்த ஆர்வில் கிப்சன் (1856–1918) ஆவார். வயலின் செய்வோர் போல மரப்பலகையைச் செதுக்கி வளைவு தரும் முறைக்கு அவர் 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரால் நிறுவனம் ஒன்று தோன்றியது. 1919இல் அதில் சேர்ந்த லாய்டு லோர் என்னும் இசைவல்லுநரின் மேற்பார்வையில் 1922இல் எஃப்-5 என்னும் மாண்டலின் உருவாயிற்று. ஸ்புரூஸ் மரத்தில் மேற்பலகை, மேப்பிள் மரத்தில் பின்பலகை, வயலினில் உள்ளவை போன்ற இரு ஒலித்துளைகள் ஆகியன இதன் அமைப்பு. கருவியின் உள்ளே ஒட்டிய சீட்டில் லோர் நாளிட்டுக் கையொப்பமிட்டார். 1924இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். அதற்குள் செய்யப்பட்டவை சில நூறே. மாண்டலின் மோகம் தணிந்துவிட்ட காலமாதலின், அன்று அவற்றை நாடி வந்தோர் குறைவு.

அவற்றுள் ஒன்று 1923 ஜூலை 9ஆம் நாள் கையொப்பமிடப்பட்டது. இருபது ஆண்டுகட்குப் பின், 1940களில், புளோரிடாவில் ஒரு முடிதிருத்தகத்தில் விலைக்கு வைக்கப்பட்டிருந்த அதனைக் கென்டக்கி மாநிலத்தவரான பில் மன்றோ (1911–1996) கண்டார். 150 டாலர் கொடுத்து வாங்கினார். அக்கருவியைக் கொண்டே அவர் வளர்த்த இசை, அவருடைய குழுவின் பெயரால் ‘புளூகிராஸ்’ எனப்பட்டது. இன்று லோர் கையொப்பமிட்ட எஃப்-5 ஒன்று ஒரு லட்சம் டாலருக்கும் மேல் விலை பெறுகிறது. அம்மதிப்பு மரத்தால் மட்டும் வந்ததன்று. அம்மரத்திலிருந்து மன்றோ எழுப்பிய ஒலியாலும் வந்தது.

மன்றோ அதனைப் பட்டுத்துணியில் பொதிந்து வைத்தவரல்லர். ஊர் ஊராகக் கொண்டு சென்றார். வன்மையும் விரைவும் கொண்டு வாசித்தார். 1951இல் பழுது பார்க்கச் செய்நிறுவனத்திற்கே அனுப்பினார். பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, தாம் கேட்ட பணிகள் முற்றும் செய்யப்படவில்லை எனக் கண்டு சினந்தார். கருவியின் தலைப்பகுதியில் பதித்திருந்த நிறுவனப் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வடு அப்படியே இருந்தது. பிறகே இரு தரப்பினரும் இணங்கினர். பெயர் மீண்டும் பதிக்கப்பெற்றது.

இதனினும் பெருந்துயர் 1985இல் நேர்ந்தது. மன்றோவின் இல்லத்துள் புகுந்த யாரோ ஒருவர், கணப்படுப்பின் இரும்புக்கோலால் அக்கருவியை அடித்து நொறுக்கினார். சிதறிய சில்லுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கிப்சன் நிறுவனத்துக் கைவினைஞர் சார்லி டெரிங்டன் அவற்றைப் பொறுக்கி, உருப்பெருக்கியின் துணையால் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். 1986இல் கருவி மன்றோவின் கைக்கு மீண்டது. தம் முதுமையிலும் அதனையே அவர் வாசித்தார்.

இத்தகைய பழங்கருவியைப் பெற்றோர் கருதத்தக்கன சில உள. எட்டுத் தந்திகளும் இறுக்கப்படும்போது 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையைக் கருவி தாங்குகிறது. காற்று மிக உலர்ந்தால் பலகை வெடிக்கும்; ஈரம் மிகுந்தால் உப்பும். எனவே காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருத்தல் நலம். இணைப்புகளை ஒட்டிய விலங்குப்பசை வெப்பத்தால் இளகும். ஆதலின் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கருவியை விட்டுச் செல்லலாகாது. குதிரை பலகையில் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. ஆகவே தந்திகளை ஒருங்கே கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவதே முறை. வாசித்தபின் வியர்வையைத் துடைத்தல் வேண்டும். பழைய மெருகைச் சுரண்டிப் புதுமெருகு ஏற்றுவதோ பெருந்தவறு. அது பொலிவு தருவதாய்த் தோன்றினும், கருவியின் வரலாற்றையும் விலையையும் ஒருங்கே அழித்துவிடும்.

மன்றோவின் மாண்டலின் இன்று நாஷ்வில் நகரத்துக் கண்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உடன்பிறப்புகள் சிலவற்றைக் கிறிஸ் தீலே முதலிய கலைஞர் மேடைகளில் வாசித்து வருகின்றனர். நம் நாட்டிலும் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினில் கருநாடக இசையைக் குழைத்துத் தந்ததை நாம் செவியாரக் கேட்டோம். அவர் கையில் இருந்தது பழங்கருவியன்று. எனினும் அயல்நாட்டுக் கருவியொன்று நம் இசைக்கு உரியதாயிற்று என்றால், அது ஓயாத பயிற்சியால் வந்த உரிமையே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே எனலாம். பூட்டி வைத்த மாண்டலின் அடிபடாமல் இருந்திருக்கும்; ஆயின் உடைந்தபோது அதன் சில்லுகளைப் பொறுக்க எவரும் முனைந்திரார். வாசிக்கப்பட்டமையால் அது தழும்புகள் பெற்றது. வாசிக்கப்பட்டமையாலேயே அது காப்பாற்றவும் பட்டது. நம் இல்லங்களிலும் பாட்டனார் வாசித்த வயலினோ வீணையோ உறைக்குள் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். அதற்கு நாம் செய்யும் முதற்காப்பு, வல்லார் ஒருவரிடம் காட்டிப் பழுது நீக்கி, இளையோர் ஒருவர் கையில் அதனைத் தருவதேயாகும்.