ரங்கையாவும் கோவிந்துவும்

ரங்கையா, கோவிந்து இருவரும் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த தாவர ஓவியர்கள். ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டுக்காக (1796–1872) இவர்கள் வரைந்த படங்கள் தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளம் இட்டன.

பின்னணி

தோட்டம் ஓவியர்களை ஈர்த்த நூற்றாண்டு அது. பிரான்சில் பேரரசி ஜோசஃபினின் மால்மேசோன் தோட்டத்து மலர்களை ரெடூட்டே வரைந்தார். 1883இல் ஜிவர்னியில் குடியேறிய மோனே, தாமே வெட்டுவித்த அல்லிக் குளத்தை ஆயுள் முடியும்வரை தீட்டினார். தமிழ் மண்ணிலும் தோட்டங்கள் எழுந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1826இல் தாவரவியல் பூங்காவை நிறுவியது. சென்னையில் 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. வைட் அதன் செயலாளராக இருந்தார். கதீட்ரல் சாலையில் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில்தான் இன்றைய செம்மொழிப் பூங்கா உள்ளது.

பணி

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்த வைட்டிடம் முதலில் ரங்கையாவும், 1840களின் நடுவிலிருந்து கோவிந்துவும் பணியாற்றினர். தோட்டத்திலிருந்தும் மலைக்காடுகளிலிருந்தும் வந்த செடிகளைப் பார்த்துக் கிளையும் இலையும் பூவும் காயும் ஒரே தாளில் அமைய வரைந்தனர். பூவைப் பிரித்து மகரந்தத்தாள், சூலகம் போன்ற உறுப்புகளைப் பெரிதாக்கித் தனியே காட்டினர். வைட் அவற்றைக் கல்லச்சில் ஏற்றினார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ‘ஐகோனெஸ் பிளான்டாரும்’ நூலில் 2,101 படங்கள் உள்ளன. வைட் தாயகம் திரும்பியபின், சென்னை மாகாண வனத்துறையைத் தொடங்கிய ஹியூ கிளெகார்னுக்காகவும் கோவிந்து வரைந்தார்.

சிறப்பு

கம்பெனிக் காலத்து இந்திய ஓவியர் பலர் பெயரின்றி மறைந்தனர். இவ்விருவர் பெயரோ படங்களின் அடியிலேயே அச்சாயிற்று. 1832இல் ஒரு தாவரப் பேரினத்துக்கு ‘ருங்கியா’ என்ற பெயர் ரங்கையாவின் நினைவாகச் சூட்டப்பட்டது. 1853இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். மூலப் படங்களில் பல எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் காக்கப்படுகின்றன.

அறிவியலுக்காக வரையப்பட்டவை என்பதால் இப்படங்கள் கலை வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. கோட்டின் உறுதியாலும் தாளில் செடியை அமர்த்தும் நயத்தாலும் ரங்கையாவும் கோவிந்துவும் அந்நூற்றாண்டின் தேர்ந்த ஓவியர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்கள்.