அடுத்தவர் கொட்டகையில் நம் நூல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டிசி புக் தெரியாதவர் கிடையாது. நூல் நிட்டிங்குக்குப் போனாலும், கிரே துணி சாயப்பட்டறைக்குப் போனாலும், வெட்டிய பீஸ் பவர் டேபிளுக்குப் போனாலும், கார்பன் வைத்து டெலிவரி சலான் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் டெம்போ கேட்டைத் தாண்டும். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு கம்பெனி குடோனில் டிசி எழுத உட்கார்ந்தவள் நான். பின்னாளில் ஈஆர்பி மென்பொருள் வந்தபோது அதே வேலையைத் திரையில் செய்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்த் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏற்றுமதியை எழுதுகிறார்கள், மிஷின்களை எழுதுகிறார்கள், நொய்யல் ஆற்றை எழுதுகிறார்கள். ஊர் முழுவதையும் ஒரே ஆலைபோல ஓட வைத்த இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பொருளை வெளியே கொடுத்துக் கூலிக்கு வேலை வாங்கும் இந்த ஜாப் வொர்க் கணக்கின் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. நூல் என்னுடையது, இருப்பது உங்கள் கொட்டகையில். திரும்பி வரும்போது எடை குறைந்திருந்தால் அது யார் தலையில் விழும்?

கேள்வி பழையது. நெசவாளரிடம் 10 பலம் நூல் கொடுத்தால் 11 பலமாகத் திரும்ப வர வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். குறைந்தால், குறைந்ததைப் போல இரண்டு பங்கு தண்டம். கஞ்சி போட்டு நெய்யும்போது எடை ஏறும் என்பதை அந்தக் காலத்து அதிகாரி தெரிந்து வைத்திருக்கிறார். தராசைப் பிடித்துப் பார்த்த ஒருவர் சொல்லாமல் அந்த விதி ஏட்டில் ஏறியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் துணி சேர்த்த முறை வேறு. அவர்கள் நெசவாளருக்குப் பெரும்பாலும் முன்பணம் கொடுத்தார்கள். நூலை அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பஞ்சு விலை ஏறினால் அடி நெசவாளருக்கு. பொருளைக் கொடுத்து வேலை வாங்குவதற்கும் பணத்தைக் கொடுத்து வேலை வாங்குவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் நம்மிடம் நடப்பில் இருக்கிறது. வேலை செய்து தரச் சொல்லி ஒப்படைத்த பொருளை, கூலி வரும்வரை பிடித்து வைக்க வேலைக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 170-ஆம் பிரிவு. கூலிக்குத் தவணை கொடுப்பதாகப் பேசியிருந்தால் அந்த உரிமை இல்லை. அதற்குச் சட்டமே காட்டும் உதாரணம், தையற்காரரிடம் கொடுத்த துணி! சாயப்பட்டறையில் பில் பாக்கி நிற்கும்போது துணி வெளியே வராது; மேனேஜர் போனில் கெஞ்சுவார். அந்தப் பட்டறைக்காரர்கள் பிரிவு எண்ணைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் தங்கள் உரிமை எதுவரை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருப்பூரில் இந்த ஜாப் வொர்க் முறை இவ்வளவு வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பின்னலாடை நெடுங்காலம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2005-இல்தான் அந்த ஒதுக்கீடு நீங்கியது. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் பெரிதாகப் போட வழியில்லாத நாளில், ஒருவர் நிட்டிங் போட்டார், ஒருவர் சாயம், ஒருவர் துணி பின்னால் சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங், ஒருவர் காஜா பட்டன் மட்டும். ஒரு டி சர்ட்டின் துணி நாலைந்து வாசல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிசி.

என்ன எழுதுவோம்? நிட்டிங்குக்குப் போகும் டிசியில் கவுண்ட், மில், லாட் நம்பர், எத்தனை பேக், எத்தனை கிலோ. திரும்பி வரும்போது டயா, ஜிஎஸ்எம், ரோல், கிலோ. உதாரணத்துக்கு, 1,000 கிலோ நூல் பின்னி 990 கிலோவாக வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பஞ்சு பறக்கும், ஊசி உடைந்து துணி வீணாகும். சாயத்துக்குப் போனால் கதை வேறு. பருத்தியின் மெழுகும் அழுக்கும் கழன்று எடை இறங்கும். கருப்பு, நேவி போன்ற அழுத்தமான கலரில் சாயமே கொஞ்சம் எடையை ஈடுகட்டிவிடும். பிளீச் பண்ணிய வெள்ளையில் அது கிடையாது.

அப்புறம் ஈரம். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இயல்பாக அதன் உலர் எடையில் 8.5 சதவீதம் என்று தரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீராவி பட்டு, காம்பாக்டிங்கிலிருந்து இறங்கிய சூட்டோடு வரும் ரோலில் புறங்கையை வைத்தால் பிசுபிசுப்பு தெரியும். எங்கள் ஸ்டோர் அண்ணன், “இருங்க அம்மிணி, ஆறட்டும். இப்ப எடை போட்டா தண்ணிக்கும் சேத்து இன்வர்ட் போடோணும்” என்பார்; இன்வர்ட் என்பது சரக்கு வரவுப் பதிவு. டிரைவர் அவசரப்படுவார். ஆனாலும் ரோல் ஆறிய பிறகுதான் தராசு ஏறும். பட்டறைக்கும் கம்பெனிக்கும் நடுவே வருஷக்கணக்கில் சண்டை வராமல் காத்தது அந்த நிதானம்தான்.

வரிச் சட்டம் இந்தக் கணக்கில் தேதியைச் சேர்த்தது. 1986-இல் மாட்வாட் என்ற உற்பத்தி வரிக் கழிவு முறை வந்தபோது, வரி கழித்த மூலப்பொருளை வெளியே வேலைக்கு அனுப்புவதற்கென்றே விதி வந்தது. அதன் வழிவந்த சென்வாட் முறையின் 2004 விதிகள், போன பொருள் 180 நாளுக்குள் திரும்ப வேண்டும் என்றன. கோவை இன்ஜினியரிங் ஆட்களுக்கு இது அன்றாடப் பாடமாக இருந்தது. எங்கள் பருத்திப் பனியனில் அதன் பிடி இறுகவில்லை. எங்களுக்குத் தேதிக் கெடு 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு வந்தது. 143-ஆம் பிரிவின்படி மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள்ளும், மிஷின் மாதிரியானவை மூன்று வருடத்துக்குள்ளும் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரி. ஐடிசி-04 படிவத்தில் போனது, வந்தது எல்லாம் ஏற வேண்டும். மூலையில் கிடக்கும் வேஸ்ட்டுக்கும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது.

மென்பொருளுக்கு வருகிறேன். ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் சாப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த மென்பொருளில் வெளி வேலைக்குப் பொருள் அனுப்ப 541 என்று ஓர் எண் உண்டு. அதைப் போட்டால் நூல் நம் குடோனை விட்டுப் போகும், ஆனால் நம் இருப்பை விட்டுப் போகாது. ‘ஓ’ என்ற குறியோடு, இன்னாரிடம் இருக்கும் நம் சரக்கு என்று நிற்கும். துணி வந்து இன்வர்ட் போட்டதும், பொருள் பட்டியலில் சொன்ன அளவு நூலை 543 என்ற பதிவில் அதுவே கழித்துக்கொள்ளும். முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பார்ட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்புறம் போனது, வலப்புறம் வந்தது, கடைசியில் ‘கையிருப்பு அவரிடம்’ என்று நாங்கள் இழுத்த கோடுதான் அது.

எங்கள் கம்பெனியில் போட்ட மென்பொருள் வேறு, சின்னது. அதை அமைக்க வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது, “பிராசஸ் லாஸ் எத்தனை பர்சன்ட் மேடம்?” எந்தக் கலருக்கு என்று திருப்பிக் கேட்டேன். ஓர் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. கலர்வாரியாக, துணிவாரியாகப் பழைய டிசி புக்குகளைப் பிரித்து உட்கார்ந்து சராசரி எடுத்துக் கொடுத்தோம்; கட்டத்தை விரித்துத் தந்தார்கள். அதன் பிறகு அது பொன்னான கருவி. எந்தப் பார்ட்டியிடம் எந்த லாட் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பதைப் பொத்தான் அழுத்திப் பார்க்க முடிந்தது. கையால் எழுதிய காலத்தில் அதற்கு மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயமானது. மூடிய கேட்டுக்குள் யார் யார் துணி எவ்வளவு கிடக்கிறது என்று ஊரே தேடிய வாரங்களில் டிசி நகல்தான் பேசியது. பிறகு துணி வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போனபோது, அதுவரை கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள் எங்கள் புக்கில் ஏறின.

ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி. அது கழிந்ததும் கம்பெனிகள் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகின்றன. ஜிஎஸ்டிக்கு முந்தைய கால புக்குகள் பல ஏற்கெனவே போய்விட்டன. காம்பாக்டிங் எந்த வருஷம் தெருவுக்கு வந்தது, எந்தக் கலர் எந்தப் பட்டறையில் நன்றாக வந்தது, கூலி எப்போது ஏறியது, எல்லாம் அவற்றில் தேதியோடு இருக்கின்றன. கல்லூரிகளில் தொழில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் யாராவது கம்பெனிகளில் கேட்டு வாங்கி வையுங்கள். கையெழுத்து புரியாவிட்டால், படித்துச் சொல்ல என்னைப் போன்றவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறோம்.