ஒடிசா

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில், மகாநதியின் கழிமுகத்தையும் அதன் பின்னே உயர்ந்து செல்லும் வனப்பிரதேசங்களையும் அடக்கிய இந்திய ராஜ்யம், தலைநகரம் புவனேசுவரம். பூர்வத்தில் கலிங்கம், உத்கலம் என்று பெயர்பெற்றிருந்த இத்தேசத்தை மகா யுத்தத்தில் வென்ற அசோகன், அந்த வெற்றியால் நேர்ந்த மனத்துயரத்தைப் பிற இடங்களில் சாசனமாகப் பொறித்தும், கலிங்கத்துத் தௌலிப் பாறையில் அதனை விடுத்து, மாந்தர் யாவரும் தன் மக்களே என்று எழுதுவித்தது, சரித்திரத்தில் நெஞ்சை உருக்கும் செய்திகளுள் ஒன்றாகும். தாய்வழியில் சோழர் குலத்தவனான அனந்தவர்மன் சோடகங்கன் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய புரி ஜகந்நாதர் ஆலயமும், முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோணார்க்கச் சூரியன் கோயிலும் கங்க வமிசத்தின் கீர்த்திக்குச் சாட்சிகள்.

புரியில் ஆண்டுதோறும் புதிய மரத்தால் மூன்று ரதங்கள் செய்யப்படுகின்றன. ஜகந்நாதரின் ரதத்துக்குப் 16 சக்கரங்கள், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. உற்சவ நாளில் கஜபதி மன்னர் பொற்பிடித் துடைப்பத்தால் ரதத்தளத்தைப் பெருக்கும் வழக்கத்தில், அரசனும் அடியவனே என்னும் பக்தியின் உயர்ந்த தத்துவம் பிரத்தியட்சமாகக் காணக்கிடைக்கிறது. புரிக்கு அருகிலுள்ள ரகுராஜபுரத்துச் சித்திரக்காரர்கள், துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணத்தூளும் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, சங்குப்பொடியால் வெண்மையும் விளக்குக் கரியால் கருமையும் தீட்டுவர்.

பாஷைவாரியாக 1936இல் தனி மாகாணமாகிய ஒரிஸ்ஸா, 2011இல் இப்போதைய பெயர் பெற்றது. நெல் முதன்மைப் பயிர். 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணை பாசனத்துக்கு உதவுகிறது. இரும்பு, பாக்ஸைட் கனிமங்கள் மிகுந்துள்ளன; இரும்பு கிடைப்பதால் ரூர்கேலாவில் உருக்காலை அமைந்தது. பாரதீப் ஒடிசாவின் பெரிய துறைமுகம்.